அனந்தபுரத்து ஸ்பீக்கர் பெட்டி

இது கட்டுக்கதை இல்லை. சந்தேகப்படுகிறவர்கள் என் மனைவி மெஹராஜ் பேகத்திடம் கேட்டுக்கொள்ளலாம். அவளும் அன்று என் பக்கத்திலேயேதான் நின்றாள். நான் சொல்வதையே சொல்வாள். ஒரே ஒரு வரி மட்டும் மாறும். அந்த ஒரு வரியால்தான் இன்றைக்கும் எனக்கு உடம்பு சிலிர்க்கிறது.

1985, ஐப்பசி மாதம். செஞ்சி கடைவீதியில் படங்களுக்கு பிரேம் போடும் கடை வைத்திருந்தேன். ஊரெல்லாம் டேப் ரெக்கார்டர் வாங்கிக்கொண்டிருந்த நேரம். எனக்கு அந்தச் சத்தம் பிடிக்கவில்லை. பழைய வால்வு ஆம்ப்ளிபயர், ரெக்கார்டு பிளேயர், இரண்டு பக்கமும் ஆளுயரத்தில் பாதிக்கு மர ஸ்பீக்கர் பெட்டி... வீட்டில் பாட்டுக் கேட்டால் அப்படித்தான் கேட்க வேண்டும் என்று ஒரு பைத்தியம். அனந்தபுரத்தில் அப்படி ஒரு செட் விலைக்கு வந்திருக்கிறது என்று கடைக்கு வந்த ஒருவர் சொன்னார். மறுநாளே வேன் பிடித்துக்கொண்டு போனேன்.

விற்றவர் பெயர் கோதண்டராமன். நாற்பது வயது இருக்கும். செட் அவருடைய அப்பாவுடையது. அப்பா இறந்து மூன்று மாதம் ஆகிறது என்றார். வாசலைத் தாண்டி வரவில்லை. சாவியை மட்டும் நீட்டினார்.

"உள் ரூம்ல இருக்குது. நீங்களே எடுத்துக்குங்க."

"நீங்க வரலையா?"

"வரல."

கதவைத் திறந்தேன். இரண்டு பெட்டிகளும் சுவரைப் பார்த்துத் திரும்பியிருந்தன. இடது பக்கத்துப் பெட்டியைக் கயிற்றால் சுற்றி ஜன்னல் கம்பியோடு கட்டியிருந்தார்கள். முரட்டு மாட்டைக் கட்டுவதைப் போல. முடிச்சை அவிழ்க்க முடியவில்லை. அறுத்தேன்.

வலது பெட்டியைத் தூக்க நானும் வேன்காரரும் திணறினோம். இடது பெட்டியை நான் ஒருவனே தூக்கிவிட்டேன். அப்போதே யோசித்திருக்க வேண்டும்.

வேன் கிளம்பும்போது கோதண்டராமன் கிட்டே வந்தார்.

"புடிக்கலன்னு திருப்பி எடுத்துக்கினு வராதீங்க. நான் இருக்க மாட்டேன்."

சாயங்காலம் எல்லாவற்றையும் கூடத்தில் வைத்து ஒயர் மாட்டினேன். மெஹராஜ் சமையலறை வாசலில் நின்று பார்த்தாள்.

"இன்னாங்க இது... ரெண்டு பேரு குந்திக்கினு நம்மள மொறைக்கற மாதிரி இருக்குது."

சிரித்தேன். ஆறே முக்கால் மணிக்கு ஒரு நாதஸ்வர ரெக்கார்டைப் போட்டேன். வலது பெட்டி அற்புதமாகப் பாடியது. இடது பெட்டியில் ஒன்றுமில்லை. ஒயரைப் பிடுங்கி மறுபடி மாட்டினேன். அப்போதும் இல்லை. ரெக்கார்டு முடிந்தது. முள்ளைத் தூக்கி வைத்தேன்.

அப்போது இடது பெட்டிக்குள் யாரோ தொண்டையைச் செருமினார்கள்.

"ம்ஹ்ஹும்..."

நாங்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். பழைய செட்டுகள் சில நேரம் ரேடியோவை இழுக்கும். அப்படித்தான் நினைத்து, சத்தத்தைச் சுத்தமாகக் குறைத்தேன்.

"இன்னா பாக்கற?"

ஆண் குரல். தடித்த குரல். பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து பேசுவதைப் போல. அதில் இருந்த வெறுப்பை என்னால் எழுத முடியாது. என்னைப் பல வருடமாகத் தெரிந்தவன், பல வருடமாக வெறுத்தவன் பேசுகிற மாதிரி இருந்தது.

ஏழு பத்துக்கு கரண்ட் போனது. தெருவே இருண்டது.

ஆம்ப்ளிபயரின் வால்வுகள் மட்டும் சிவப்பாக எரிந்தன. கரண்ட் போனாலும் அணைய அரை நிமிடம் ஆகும். எனக்குத் தெரியும். காத்திருந்தேன்.

ஒரு நிமிடம்... இரண்டு நிமிடம்...

அணையவில்லை.

"அவள வெளிய அனுப்பு."

தெளிவாகக் கேட்டது. மெஹராஜ் என்னை விட்டு ஒரு அடி பின்னால் நகர்ந்தாள்.

"நீங்க எதுக்குங்க வெளிய போவணும்?"

"நானா? உன்னத்தான சொல்லுது."

"இல்லங்க..." அவள் பெட்டியைக் காட்டினாள். "அவன வெளிய அனுப்புன்னுதான சொல்லுது..."

ஒரே அறை. ஒரே குரல். எனக்கு ஒன்று. அவளுக்கு ஒன்று.

எனக்குக் கோபம் வந்தது. பயத்தில் வந்த கோபம். ஸ்க்ரூ டிரைவரை எடுத்தேன். பெட்டியைத் திருப்பி, பின்பலகையைக் கழற்றினேன். அவள் டார்ச் அடித்தாள்.

உள்ளே ஒன்றுமில்லை.

ஸ்பீக்கரே இல்லை. வெறும் மரக்கூடு. அறுந்த ஒயர் ஒன்று தொங்கியது.

அந்த வெற்றுப் பெட்டியிலிருந்து என் முகத்தில் மூச்சு பட்டது. சூடான மூச்சு.

"குத்து."

மெஹராஜ் என்னைப் பார்க்கவில்லை. என் கையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். நானும் பார்த்தேன். ஸ்க்ரூ டிரைவரோடு என் வலது கை உயர்ந்திருந்தது. அவள் கழுத்துக்கு நேராக.

நான் உயர்த்தவில்லை.

"அத கீழ போடுங்க..."

"முடியல... வெரலு பிரிய மாட்டேங்குது..."

"போடுங்க!"

"மெஹராஜ், ஓடிடு!"

அவள் ஓடவில்லை. டார்ச்சை எறிந்துவிட்டு, உயர்ந்த அந்தக் கையையே இரண்டு கைகளாலும் பிடித்தாள். தரதரவென்று வாசலுக்கு இழுத்தாள்.

படியைத் தாண்டினோம்.

விரல்கள் தானாக விரிந்தன.

ணங்...

இரும்பு கல்லில் விழுந்தது.

உள்ளே, தரையில் ஏதோ இழுபடும் சத்தம். சர்ர்ர்... நின்றது. மறுபடி சர்ர்ர்... எங்களை நோக்கி.

பொழுது விடியும்வரை எதிர்வீட்டில் உட்கார்ந்திருந்தோம். அவள் என் கையை விடவே இல்லை. விடிந்ததும் போய்ப் பார்த்தேன். இடது பெட்டி வாசற்படிக்கு உள்ளே, தெருவைப் பார்த்து நின்றுகொண்டிருந்தது.

அன்றே அனந்தபுரத்துக்குக் கொண்டுபோனோம். கோதண்டராமன் வீடு பூட்டியிருந்தது. ஊரை விட்டே போய்விட்டாராம். எல்லாவற்றையும் அவர் வீட்டு வாசலிலேயே இறக்கினோம். பக்கத்து வீட்டு அம்மா ஒருவர் வெளியே வந்தார். பெயர் குஞ்சம்மாள். பெட்டிகளைப் பார்த்ததும் அங்கேயே நின்றுவிட்டார்.

கேட்காமல் இருக்க முடியவில்லை.

"ஏம்மா, கோதண்டராமனோட அப்பா ரொம்பக் கோவக்காரரா?"

"அவரா? தங்கமான மனுசன். பொறவியிலயே ஊமைங்க. காது நல்லாக் கேக்கும். ஒரு வார்த்த பேச வராது."

மெஹராஜ்தான் கேட்டாள்.

"வூட்ல வேற யாரு இருந்தாங்க?"

"யாரும் இல்லம்மா. பொண்டாட்டி செத்துப் பன்னண்டு வருசம் ஆவுது. புள்ளையும் வெளியூரு. ஒண்டியாத்தான் இருந்தாரு." குஞ்சம்மாள் குரலைத் தாழ்த்தினார். "ஆனா தெனம் பொழுது சாஞ்சா, அந்த ரூம்ல ரெண்டு ஆம்பளைங்க சண்ட போடற சத்தம் கேக்கும். கெட்ட கெட்ட வார்த்தையா கேக்கும். ஓடிப் போயி பாப்போம். அவரு மட்டும்தான் குந்திக்கினு இருப்பாரு... காத ரெண்டையும் பொத்திக்கினு."