பிள்ளைகள் தெரிந்தெடுத்த கரை

போன சனிக்கிழமை வெள்ளவத்தை ஸ்டேஷனில் ஒரு கனவான் என்னை மறித்தார். தெரிந்த முகம்தான், பெயர் வேண்டாம்.

"டீச்சர், கொட்டாஞ்சேனைப் பொம்பிளைப் பிள்ளையளைக் காட்டுக்க கொண்டு போய்ப் படுக்க வச்சனீங்களாம். உண்மையோ?"

"ஓம்" என்றேன். "காடு மட்டுமில்லை. கடலும் பக்கத்திலதான்."

அவருடைய முகம் போன போக்கைப் பார்க்க வேண்டுமே! கோட்டைக்குப் போகும் ரயில் வந்ததும் விறுவிறென்று வேறு பெட்டியில் ஏறிக்கொண்டார். வீட்டில் அவருக்கும் இரண்டு பெண்மக்கள். என்னோடு ஒரே பெட்டியில் இருந்தால் ஏதாவது தொற்றிக்கொள்ளும் என்று பயந்தாரோ என்னவோ...

ஊர் கதைக்கத் தொடங்கிவிட்டது. ஆகவே நடந்ததை நானே எழுதிவிடுவது நல்லது.

நான் படிப்பிக்கும் கொட்டாஞ்சேனைப் பள்ளிக்கூடத்தில் வருஷா வருஷம் பெண்பிள்ளைகளுக்கு ஒரு கேம்ப் உண்டு. எங்கே? பள்ளிக்கூட முற்றத்தில்! கூடாரம் அடிப்போம், சோறு ஆக்குவோம், எட்டு மணிக்கு மணி அடித்ததும் தலைமைக் கன்னியாஸ்திரி மதர் வந்து எல்லோரையும் மண்டபத்துக்குள் படுக்க அனுப்பிவிடுவார். கூடாரங்கள் வெளியே தனியாகப் படுத்திருக்கும்.

இந்த வருஷம் பிள்ளைகள் மதரிடம் நேரே போய்க் கேட்டார்கள். உண்மையான கடல், உண்மையான காடு, உண்மையான கேம்ப். மதர் என்னைப் பார்த்தார். நான் கூரையைப் பார்த்தேன். கடைசியில் அவர் சம்மதித்தார், ஆனால் பெற்றோர் சம்மதிக்க வேண்டும் என்றார். பெற்றோர் சம்மதித்தார்கள், ஆனால் ஆம்பிளைத் துணை ஒன்று வேண்டும் என்றார்கள்.

அந்தத் துணைதான் திருவாளர் அந்தோனிப்பிள்ளை. துறைமுகக் கந்தோர் ஒன்றில் தலைமைக் கிளாக்கர். ஓகஸ்ட் வெயிலிலும் கோட்டைக் கழற்றாதவர். கையில் குடை, வாயில் சட்டம். அவருடைய மூத்த மகள் பிலோமினா எங்கள் கேம்ப் பிள்ளைகளுக்குத் தலைவி. "மற்ற ஆரையும் நம்பேலாது, நானே போறன்" என்று அவரே முன்வந்தார். திருகோணமலைக்கு வடக்கே, காடு கடற்கரை வரை இறங்கி வரும் ஒரு பகுதியில், அரசாங்கக் கச்சேரி வரை ஆள் பிடித்து ஒரு பெர்மிட்டும் எடுத்துவிட்டார். அதை அவர் கோட்டின் உள் பையில் வைத்திருந்த விதத்தைப் பார்த்தால், ஏதோ முழு இலங்கையையும் தன் பெயருக்கு எழுதி வாங்கிவிட்டார் போலிருக்கும்.

இரவு ரயில். காலையில் திருகோணமலை. அங்கிருந்து லொறி. பிள்ளைகள் வழி முழுக்கப் பாட்டு. அந்தோனிப்பிள்ளை முன் சீட்டில் குடையை நட்டு வைத்துக்கொண்டு, ஒவ்வொரு பள்ளத்துக்கும் "மெதுவா... மெதுவா..." என்று லொறிக்காரருக்குச் சொல்லிக்கொண்டே வந்தார்.

இடத்தைக் கண்டதும் பாட்டு நின்றது. அப்படி ஒரு அழகு! வளைந்த குடாக்கடல், வெள்ளை மணல், மணலின் விளிம்பு வரை வந்து நிற்கும் பெரிய மரங்கள், அவற்றின் நிழலில் கல் கட்டிய ஒரு சின்னக் கிணறு. கேம்ப் போட இதைவிட வேறு என்ன வேண்டும்?

பிறகுதான் பார்த்தோம். அந்த நிழலில் ஏற்கெனவே ஆட்கள் இருந்தார்கள்.

ஓலைக் குடிசைகள், கருவாடு காயப்போடும் பரண்கள், வலைகள். நீர்கொழும்புப் பக்கத்து மீனவர்கள், மேற்கே கடல் கொந்தளிக்கும் மாதங்களில் குடும்பத்தோடு கிழக்கே வந்து போடும் வாடி. பெண்கள் பரண் தடிகளைப் பிடுங்கிக்கொண்டிருந்தார்கள். பாதி காய்ந்த மீன் சாக்கில் குவிந்து கிடந்தது. பக்கத்தில் நின்று கையை நீட்டி நீட்டி உத்தரவு போட்டுக்கொண்டிருந்தார், அந்தப் பகுதிக்கு அரசாங்கத் தலைமைக்காரரான விதானையார்.

எங்களைக் கண்டதும் ஓடி வந்தார். "வாங்கோ டீச்சர், வாங்கோ ஐயா! பின்னேரத்துக்குள்ள இடம் துப்புரவாகும். இவையள எழுப்பியாச்சு."

"எழுப்பியாச்சோ? ஏன்?" என்றேன்.

"உங்களுக்குத்தானே பெர்மிட்! கொழும்பில இருந்து பெரிய இடத்துப் பிள்ளையள் வருகினம் எண்டு கச்சேரியில சொன்னவை."

பெரிய இடம்! பாதிப் பிள்ளைகளின் தகப்பன்மார் துறைமுகத்தில் சாமான் இறக்குகிறவர்கள்.

தடியைப் பிடுங்கிக்கொண்டிருந்த பெண்களில் ஒருத்தி அதைக் கீழே போட்டுவிட்டு எங்கள் முன்னால் வந்து நின்றாள். திரேசம்மா என்று பிறகு தெரிந்தது. இடுப்பில் கை.

"மிஸ்ஸிமார் ஒரு கிழமை படுத்துப் பாக்கிறதுக்கு எங்கட வாடியைப் பிரிக்கணுமோ? ஆம்பிளைங்க கடல்ல. அவங்க வந்து எங்க இறங்குவாங்க? இந்தக் கிணறு நாங்க வெட்டினது."

விதானையார் அவளை அதட்டினார். "முடிக்குரிய காணி இது! நீ வெட்டினா உன்ர கிணறோ?"

நான் அந்தோனிப்பிள்ளையைப் பார்த்தேன். அவர் உள் பையைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார். "என்ன செய்யிறது டீச்சர்... பெர்மிட்டில இந்த இடம்தானே போட்டிருக்கு" என்றார். சொல்லும்போது அவருக்கும் அது இனிக்கவில்லை. ஆனாலும் சட்டம் சட்டம்.

அப்போதுதான் பிலோமினா லொறியில் இருந்து குதித்தாள்.

"அப்பா, எங்களுக்கு இது ஒரு கிழமைக்கு விளையாட்டு. இவங்களுக்கு இது வீடு."

"நீ சும்மா இரு."

"இருக்கேலாது அப்பா."   அப்பாவிடம் இப்படிக் கதைத்துப் பழக்கமில்லாத பிள்ளை. அவள் மற்றப் பிள்ளைகளின் பக்கம் திரும்பினாள். "இவங்களை எழுப்பிப்போட்டு இங்க படுக்க ஆருக்கு விருப்பம்? கையைத் தூக்குங்கோ."

ஒரே ஒரு கை எழுந்தது. ஈ விரட்ட.

 எத்தனை மாதம் கனவு கண்ட பிள்ளைகள்! கண் முன்னால் கடல், நிழல், கிணறு. ஒருத்தியாவது முகம் சுளிக்க வேண்டாமா?

அந்தோனிப்பிள்ளை குடையை மற்றக் கைக்கு மாற்றினார். பிறகு என்னிடம் மெல்லச் சொன்னார். "அப்ப திரும்பிப் போவம் டீச்சர். தாய் தகப்பன்மாருக்கு நான் சொன்ன இடம் இது. வேற எங்கயாவது ஒரு பிள்ளைக்கு ஒண்டு நடந்தா ஆர் பதில் சொல்றது?"

அது நியாயமான கேள்வி. பயமும் நியாயமானதுதான். நாங்கள் திரும்பிப் போனால், அல்லது ஒரு பிள்ளைக்குப் பாம்பு கடித்தால், இனி எந்தக் காலத்திலும் கொட்டாஞ்சேனைப் பெண்பிள்ளை பள்ளிக்கூட முற்றத்தைத் தாண்டப்போவதில்லை. அது எனக்கும் தெரியும், அந்தப் பிள்ளைகளுக்கும் தெரியும்.

"லொறி நிக்கட்டும்" என்றேன். "பொழுது சாய முன்னம் பிள்ளையள் இன்னொரு இடம் பாக்கட்டும். உங்களுக்கும் எனக்கும் திருப்தி இல்லாட்டி, சாமானை இறக்காமலே திரும்புவம்."

அவர் குடையை விரித்தார். அதைச் சம்மதம் என்று எடுத்துக்கொண்டேன்.

கரையோரமாக நடந்தோம். முதலில் ஒரு வறண்ட ஓடை. பஞ்சு போன்ற மணல். பார்த்தவுடன் படுக்கச் சொல்லும். வெள்ளவத்தையில் என் பக்கத்து வீட்டில் இருந்து எங்கள் பள்ளிக்கூடத்துக்கு வரும் ரஹீமா குனிந்து பார்த்துவிட்டு, "டீச்சர், இது என்ன உருண்டை?" என்றாள். பின்னால் முணுமுணுத்துக்கொண்டு வந்த விதானையார் எட்டிப் பார்த்தார். யானை லத்தி. ஆறாமல் இருந்தது. அந்த இடத்தை விட்டு நாங்கள் நகர்ந்த வேகத்தை இங்கே எழுதுவதற்கில்லை.

அடுத்தது ஒரு பெரிய பாலை மரம். குடை போல் நிழல், கீழே மஞ்சள் மஞ்சளாகப் பழம். பிள்ளைகள் பொறுக்கத் தொடங்கிவிட்டார்கள். "தின்னுங்கோ, தின்னுங்கோ" என்றார் விதானையார். "கரடிக்கும் இதுதான் விருப்பம்." அதுவும் சரிவரவில்லை. பிறகு ஒரு மணல்திட்டு. மூன்று பக்கமும் கடல், அருமையான காற்று. ஆனால் திட்டின் உச்சி வரைக்கும் ஈரச் சிப்பியும் பாசியும். வற்றும்போது திட்டு, பெருகும்போது கடல்.

வெயில் சாய்ந்துகொண்டே வந்தது. லொறிக்காரர் தூரத்தில் ஹோர்ன் அடித்தார். பிலோமினாவின் உதடு காய்ந்து போயிருந்தது. அவள் வாடியின் பக்கமாகவே திரும்பி நடந்தாள். நாங்களும் பின்னால்.

வாடிக்குச் சற்று இப்பால், காட்டின் விளிம்பில் ஒரு சின்ன மேடு. அழகில்லை. கல்லும் பற்றையும். மரங்கள் குட்டை. கடல் கால்வாசிதான் தெரியும். கருவாட்டு மணம் முழுசாக வரும். போகும்போது இதை ஒருவரும் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

"இதுதான்" என்றாள் பிலோமினா.

அந்தோனிப்பிள்ளை மேட்டைச் சுற்றி வந்தார். தடம் இல்லை, லத்தி இல்லை, பழம் இல்லை. பிறகு, நம்புங்கள், கோட்டோடு அப்படியே நிலத்தில் மல்லாந்து படுத்தார்! எறும்பு கடிக்கிறதா என்று பார்க்கிறாராம். பிள்ளைகள் சிரிப்பை அடக்கப் பட்ட பாடு...

படுத்தபடியே கேட்டார். "சரி பிள்ளை. ராவில ஒரு ஆபத்து எண்டா இங்க இருந்து கூப்பிட்டா ஆருக்குக் கேக்கும்? விதானையார் வீடு ஒரு மைலுக்கு அங்கால."

 பிலோமினா மேட்டின் ஓரத்தில் போய் நின்று, இரண்டு கைகளையும் வாயில் குவித்து, வாடியைப் பார்த்து "ஓஓஓய்!" என்று கூவினாள்.

ஒன்றுமில்லை. அலைச் சத்தம் மட்டும். 

பிறகு மரங்களுக்கு அந்தப் பக்கத்தில் இருந்து வந்தது, ஒரு பெண்ணின் கனத்த குரல்.

"என்னா பிள்ளே?"

திரேசம்மா!

அந்தோனிப்பிள்ளை எழுந்தார். கோட்டில் ஒட்டியிருந்த மண்ணைத் தட்டவில்லை. உள் பையில் இருந்து பெர்மிட்டை எடுத்தார், கண்ணாடியைப் போட்டுக்கொண்டு தொடக்கத்தில் இருந்து கடைசி வரை படித்தார். பிறகு விதானையாரைக் கூப்பிட்டார்.

"விதானையார், நாங்க இங்க தங்கலாம் எண்டுதான் இதில கிடக்கு. மற்றவையள எழுப்பச் சொல்லி ஒரு வரி காட்டுங்கோ பாப்பம்."

விதானையார் காட்டவில்லை. எப்படிக் காட்டுவார்?

"அப்ப தடியள் எல்லாம் இருந்த இடத்தில நடப்படட்டும். ஆரும் கேட்டா, பெர்மிட்காரன் இடத்தை மாத்திப்போட்டான் எண்டு சொல்லுங்கோ. என்ர பேரைச் சொல்லுங்கோ."

முப்பது வருஷம் கந்தோரில் இருந்த மனிதர் கந்தோர்ப் பாஷையில் ஒரு நல்ல காரியம் செய்வதை அன்றுதான் பார்த்தேன். பிலோமினாவும் அன்றுதான் பார்த்திருப்பாள். அப்பாவை அவள் பார்த்த பார்வை எனக்கு இன்னும் மறக்கவில்லை.

நாங்கள் கூடாரம் அடித்துக்கொண்டிருக்கும்போது திரேசம்மா வந்தாள். கூடாரங்களைச் சுற்றிப் பார்த்தாள்.

"தண்ணிக்கு என்ன செய்வீங்க?"

"உங்களிட்டத்தான் கேக்க வர இருந்தனாங்க" என்றாள் பிலோமினா.

"கேக்கத் தேவையில்ல. வாளி இருக்கா?"

அவ்வளவுதான். நன்றி, மன்னிப்பு, கட்டிப்பிடித்தல் ஒன்றும் நடக்கவில்லை. ஆனால் அந்தக் கிழமை முழுக்க விடிந்ததும் பிள்ளைகள் மணலில் வரிசையாகத் தண்ணீர் சுமந்தார்கள். பரண் தடிகளைத் திரும்ப நடவும் கை கொடுத்தார்கள். படகு வந்தால் கயிறு பிடித்து இழுத்தார்கள். மூன்றாம் நாள் அந்தோனிப்பிள்ளையே ஒரு வாளியைத் தூக்கிக்கொண்டு நடந்தார். கோட்டு இல்லாமல்! வாசகர்களே, அவருக்கும் எல்லோரையும் போல இரண்டு தோள்கள் இருந்ததை நான் கண்ணால் கண்டேன்.

ஒரு பிள்ளைக்கும் ஒரு கீறல்கூட இல்லாமல் கொழும்பு வந்து சேர்ந்தோம். கறுத்துப் போய், கருவாட்டு மணத்தோடு.

போன ஞாயிறு பூசைக்குப் பிறகு மண்டபத்தில் பெற்றோர் கூட்டம். செய்தி எங்களுக்கு முன்னமே வந்து சேர்ந்திருந்தது. ஒரு தகப்பன் எழுந்து கேட்டார். "சொன்ன இடம் ஒண்டு, தங்கின இடம் வேறயாமே? ஆர் மாத்தினது?"

மதர் என்னைப் பார்த்தார். நான் எழும்பப் போனேன். எனக்கு முன் அந்தோனிப்பிள்ளை எழுந்துவிட்டார்.

"என்ர மகள் மாத்தினவள்" என்றார். "எல்லாப் பிள்ளையளும் அவளோட நிண்டவை. நான் அதுக்கு முன்னம் பிழையான இடத்துக்குப் பெர்மிட் எடுத்தனான்."

 பிலோமினா தலையைக் குனிந்துகொண்டாள். காது மட்டும் சிவந்து தெரிந்தது. பிள்ளைகளுக்குக் கேம்ப் நடத்தக் கற்றுக்கொடுத்தது நான்தான். கயிற்று முடிச்சு, கூடாரம், அடுப்பு எல்லாம் நான்தான். எந்த நிலத்தில் கூடாரம் அடிக்கக் கூடாது என்பதை நான் கற்றுக்கொடுக்கவில்லை. அதை அவர்களாகவே தெரிந்து வைத்திருந்தார்கள். ஒரு டீச்சருக்கு இதைவிடப் பெருமை வேறு இருக்கிறதா, சொல்லுங்கள்.

அப்போது பெண்கள் பக்கத்தில் ஒருவர் எழுந்தார். திருமதி அந்தோனிப்பிள்ளை. கூட்டத்தில் அவர் வாய் திறந்து நான் கண்டதில்லை.

"டீச்சர், அடுத்த முறை தாய்மாரையும் கூட்டிக்கொண்டு போவீங்களோ?"

தகப்பன்மார் எல்லோருக்கும் ஒரே நேரத்தில் இருமல் வந்தது. தாய்மார் பக்கத்தில் கைகள் எழுந்தன. இந்த முறை ஈ எதுவும் இருக்கவில்லை.

கொஞ்சம் பெரிய மேடாகத்தான் பார்க்க வேண்டும்.