சூளைக்குப் போகாத மண்

தெலுங்குச் சீமையின் ஓரத்தில் இருக்கும் எங்கள் விஜயபுரம் கழனியின் மேல்மண்ணைச் செங்கல் சூளைக்காரனுக்கு விற்றுவிடுவதென்று என் வீட்டுக்காரர் முடிவே செய்துவிட்டார். இரண்டு போகம் கையைக் கடித்த பிறகு அவருக்கு மண்ணின் மேலேயே கோபம். எனக்கு அவர் மேல் கோபம். மேல்மண் போன கழனி என்னவாகும் என்று பக்கத்துக் கழனியைப் பார்த்தாலே தெரியும். மழை பெய்தால் குளம், காய்ந்தால் பாறை.

அப்போதுதான் விவசாய ஆபீஸில் அந்தச் சேதி சொன்னார்கள். கோடையில் நிலத்தைச் சும்மா போடாமல் பச்சிரொட்ட என்கிற தழையுரப் பயிரை விதைத்து, பூக்கும்வரை மண்ணை மூடி வைத்து, பிறகு மடக்கி உழுதால் ஊக்கத்தொகை உண்டாம். தக்கைப்பூண்டு, காராமணி, பயறு எல்லாம் கலந்த விதையும் மலிவாகக் கிடைத்தது.

“ஒரே ஒரு கோடை வுடுய்யா. துட்டு வந்தா மண்ணு நம்ம கிட்டயே இருக்கட்டும். வரலைன்னா உன் இஷ்டம்,” என்றேன். அரைமனதாகத் தலையாட்டினார்.

விதைத்தது போர்வெல் தண்ணீரில் முழங்கால் உயரம் வளர்ந்தது. கத்திரி வெயிலில் அந்தப் பச்சையைப் பார்க்க எனக்குத் திமிராகவே இருந்தது. ஒரு நாள் காலையில் போனால், பக்கத்து வீட்டு அக்காவின் ஆடுகள் நடுக்கழனியில் நிம்மதியாக மேய்ந்துகொண்டிருந்தன. கீழ்ப்பாதி மொட்டை. வாய்க்கு வந்தபடி ஏசினேன்.

அக்கா அசரவில்லை. “இன்னாமே கத்திக்கினு கீற? அறுத்த கய்னில ஆடு துன்னாம வேற யாரு துன்னுவாங்க?”

அவள் சொன்னதில் தப்பில்லை. எங்கள் பக்கத்தில் அறுப்பு முடிந்தால், அடுத்த விதைப்பு வரைக்கும் எல்லாக் கழனியும் எல்லார் ஆட்டுக்கும் திறந்துதான் கிடக்கும். யாரும் யாரையும் கேட்பதில்லை. யாரும் விதைக்காத காலத்தில் விதைத்தவள் நான். அதை ஊரில் ஒருத்தரிடமும் சொல்லவில்லை.

சாயந்திரம் அவள் வீட்டுக்கே போனேன். “தெனம் வரப்போரமா ஒரு கட்டு நானே அறுத்துக் குடுக்கறேன். பூ வர்ற வரைக்கும் உள்ள மட்டும் ஓட்டாதக்கா.” சும்மா வரும் தழையை யார் வேண்டாம் என்பார்கள்? மற்ற ஆட்டுக்காரர்களிடமும் அவளே சொன்னாள், கேட்காதவர்களைத் திட்டவும் செய்தாள். நான் முள் வெட்டிச் சுற்றிலும் அடைத்தேன். கையெல்லாம் கிழிந்தது. கிழியட்டும் என்றிருந்தேன்.

பூத்ததும் ஆபீஸ் பெண் வந்து போனில் படம் எடுத்தாள். மொட்டையான கீழ்ப்பாதியைச் சேர்க்க முடியாது என்று தெலுங்கில் மரியாதையாகச் சொன்னாள். மடக்கி உழுத பிறகு தொகை பாதிதான் வந்தது.

“பாதிதானே வந்துது,” என்றார் வீட்டுக்காரர்.

“முழுசா வந்தாத்தான்னு நீ சொல்லலியே.”

“சூளைக்காரன் இதுமாரி எத்தினி மடங்கு தரான் தெரியுமா?”

“தெரியும். ஒரு வாட்டி தருவான். அடுத்த வருசம் எதைத் தோண்டிக் குடுப்ப?”

அவர் போனை எடுத்துச் சூளைக்காரனைக் கூப்பிட்டார். “ஈ ஏடாதி வத்தண்ணா,” என்றார். இந்த வருஷம் வேண்டாமாம். இந்த வருஷம் மட்டும்தான். கேட்டதும் எனக்குச் சுருக்கென்றது. ஆனால் ஒரு வருஷத்தை வாங்கத் தெரிந்தவளுக்கு இன்னொரு வருஷத்தையும் வாங்கத் தெரியும். மறுநாள் காலையிலேயே ஆட்டுக்காரர்கள் வீடு வீடாகப் போய், வருகிற கோடைக்கும் விதைக்கப் போகிறேன் என்று சொல்லிவிட்டு வந்தேன்.