என் அக்காமீது ஒரு புகார்

என் அக்கா சென்யாவைப் பற்றி நல்லதாக நாலு வார்த்தை சொல்ல எங்கள் ஊரில் ஆள் கிடைக்காது. அவள்மேல் யாருக்கும் வெறுப்பில்லை. இங்கே யாரும் யாரையும் புகழ்வதில்லை, அவ்வளவுதான். மிஷிகனின் வடக்கு மூலையில், பாதி வருஷம் பனிக்குள் புதைந்து கிடக்கிற பின்லாந்துக்காரர்களின் பேரப்பிள்ளைகள் நாங்கள். "மோசமில்ல" என்பதுதான் எங்கள் அகராதியில் உச்சபட்சப் பாராட்டு. அம்மா சுடுகிற ஏலக்காய் ரொட்டி மோசமில்லை. அப்பாவைக் கேட்டால் அம்மாவும் மோசமில்லை. அதையே ஒருவன் தன்னைப் பற்றிச் சொல்லிக்கொண்டால், சனிக்கிழமை சவுனாவில், அந்த நீராவிக் குளியலறையில், அவன் பக்கத்தில் உட்கார்ந்து வேர்க்க ஒருவரும் வரமாட்டார்கள்.

எனக்கும் சென்யாவுக்கும் ஒரு வயதுதான் வித்தியாசம். ஒரே பள்ளி. அவள் காலி செய்துவிட்டுப் போன வகுப்பில் அடுத்த வருஷம் நான் போய் உட்காருவேன். "கல்லே லாம்பினன்... சென்யாவோட தம்பியா நீ?" என்று ஆசிரியர்களுக்கு முகம் மலரும். முதல் பரீட்சை வரைக்கும் மலர்ந்திருக்கும். அப்புறம் என்னை ஏதோ கடையில் மாற்றித் தந்துவிட்ட சரக்கு மாதிரி பார்ப்பார்கள். பிறகு நான் எனக்குத் தெரிந்த தொழிலைச் செய்வேன். இந்த மார்ச்சில் துணைத் தலைமையாசிரியர் அறையின் கூரைப் பலகைக்கு மேலே, சூடேற்றும் குழாயை ஒட்டி, ஒரு ஏரி மீனைப் படுக்க வைத்தேன். அவர் மூன்று நாள் தன் காலணியைச் சந்தேகப்பட்டார். எனக்கு இரண்டு வாரம் பள்ளிக்கு வர வேண்டாம் என்று உத்தரவு.

அந்த இரண்டு வாரத்துக்குள்தான் சென்யாவுக்குப் பல்கலைக்கழகத்திலிருந்து அழைப்பு வந்தது. எங்கள் மூலையை மாநிலத்தின் மீதியோடு சேர்க்கிற பாலம் தாண்டி, எட்டு மணி நேரம் தெற்கே இருக்கிற பெரிய பல்கலைக்கழகம். கெட்டிக்காரர்களுக்கென்றே இருக்கிற அதன் ஆனர்ஸ் பிரிவில் அவளுக்கு ஜனவரியிலேயே இடம் கிடைத்துவிட்டது. செய்தியைக் கேட்டு அப்பா "ம்" என்றார். பிறகு வெளியே போய்த் தன் பனிவண்டியின் தகட்டைச் சுத்தியலால் தட்டிக்கொண்டிருந்தார். அவர் மாவட்டச் சாலைகளில் பனி தள்ளுகிறவர். தகுதிக்கான உதவித்தொகையும் பாதி தந்துவிட்டார்கள். முழுசாகத் தருவது ஒரு சிலருக்குத்தான். அதற்கு நேர்காணலுக்கு வர வேண்டும், குடும்பத்தோடு. மீதிப் பாதி வராவிட்டால் சென்யா போக முடியாது. முதியோர் இல்லத்துச் சமையலறையில், அம்மாவுக்குப் பக்கத்தில், முட்டைக்கோஸ் நறுக்குவாள். இது வீட்டில் எல்லாருக்கும் தெரியும். யாரும் வாய் திறந்து சொல்லவில்லை.

"இவனை என்ன பண்றது?" என்றார் அப்பா, என்னைக் காட்டி.

"கூட்டிட்டுப் போங்க. தனியா விட்டா திரும்பி வரும்போது வீடு இருக்காது," என்றாள் அம்மா. அவளுக்கு விடுப்பு கிடைக்கவில்லை. மடியில் ஆளுக்கு ஒரு பாஸ்டியைச் சூடாகச் சுற்றி வைத்து அனுப்பினாள். கிழங்கும் இறைச்சியும் அடைத்த அந்தப் பொட்டலம் பாலம் வரைக்கும் தொடையைச் சுட்டது.

எட்டு மணி நேரத்தில் அப்பா பேசியது ஒரு வாக்கியம்: "பெட்ரோல் போடணும்."

நான் பின்சீட்டில் உட்கார்ந்து சென்யாவின் பின்னந்தலையையே பார்த்துக்கொண்டு வந்தேன். அந்தத் தலைக்குள் இருப்பதில் கால்வாசி எனக்குத் தந்திருந்தால் என்ன குறைந்துவிடும்? அவளுக்கு நேர்வகிடுகூட முதல் தடவையிலேயே வந்துவிடும்.

பல்கலைக்கழகத்தில் அவளை ஒரு அறைக்குள் கூட்டிப்போனார்கள். வெளியே வந்தபோது காது இரண்டும் சிவந்திருந்தன. எங்கள் குடும்பத்தில் அழுகை காதில்தான் வரும்.

"என்ன கேட்டாங்க?" என்றேன்.

"முழு உதவித்தொகையை உனக்கு ஏன் தரணும்னு கேட்டாங்க."

"நீ என்ன சொன்னே?"

"என்னைவிட நல்லாப் படிக்கிறவங்க வெளிய உக்காந்திருக்காங்க, அவங்களையும் விசாரிச்சுப் பாருங்கன்னேன்."

"லூசாடி நீ?"

"வேற என்னடா சொல்றது? எனக்கே குடுங்கன்னா? அசிங்கமா இருக்காது?"

அப்பா தலையாட்டினார். "சரியாத்தான் சொல்லியிருக்கா."

மதியம் பெரிய கூடத்தில் விருந்து. எங்கள் மேசைக்கு ஆனர்ஸ் பிரிவின் தலைவி, பேராசிரியர் ஆஸ்ட்ராண்டர், வந்து உட்கார்ந்தார். குட்டை நரைமுடி, சட்டையில் சூப் தெறித்திருந்தது, அதை அவர் கண்டுகொள்ளவில்லை. எதிரே ஒரு பல் மருத்துவரின் குடும்பம். "உங்க பிள்ளையைப் பத்தி ஒரு ரெண்டு வார்த்தை சொல்லுங்களேன், வீட்டாளுங்க சொல்லிக் கேக்க எனக்குப் பிடிக்கும்," என்றார் பேராசிரியர்.

பல் மருத்துவர் எழுந்தார். மகள் வயலின் வாசிப்பது, ஓடுவது, ஏதோ நாட்டில் கிணறு தோண்டியது என்று சூப் ஆறுகிற வரைக்கும் போனார். மகள் சிரித்துக்கொண்டே கேட்டாள். அவளுக்குக் காது சிவக்கவே இல்லை.

அடுத்து அப்பா. எழுந்து தொப்பியைக் கையில் எடுத்தார். என்னமோ யோசித்தார்.

"இது சென்யா. மோசமில்ல. வேலை செய்வா."

உட்கார்ந்துவிட்டார்.

எங்கள் ஊர்க் கணக்கில் அது மாபெரும் உரை. நான் பிறந்ததிலிருந்து அவர் ஒருவரைப் பற்றி அவ்வளவு பேசி நான் கேட்டதில்லை. மேசையிலிருந்த மற்றவர்கள் மீதி வருமென்று காத்திருந்தார்கள். பேராசிரியர் பென்சிலைக் கீழே வைத்தார்.

அப்போது எனக்குள் குளுகுளுவென்று ஒன்று இறங்கியது, பொய் சொல்வானேன். போயிற்று. இவளும் வீட்டுக்குத்தான் வரப்போகிறாள். முட்டைக்கோஸ் வாடையோடு சாயங்காலம் வந்து சோபாவில் விழுவாள். ஊரில் எவரும் இனி என்னைப் பார்த்து "சென்யாவோட தம்பியா" என்று கண்ணை விரிக்கமாட்டார்கள். ஒரு ரொட்டித் துண்டை மென்று முடிக்கிற வரைக்கும் அந்தச் சந்தோஷத்தை அனுபவித்தேன்.

பிறகு அவள் கையைப் பார்த்தேன். கை துடைக்க வைத்திருந்த காகிதத் துணியை மடித்துக்கொண்டிருந்தாள். மடித்து, மடித்து, இன்னும் சின்னதாக மடித்து. பரிசு கிடைத்த நாட்களில் மெடல் நாடாவை அப்படித்தான் மடிப்பாள்.

நான் எழுந்து நின்றேன்.

"கல்லே, உக்காரு," என்றார் அப்பா.

"நான் இவளோட தம்பி," என்றேன் பேராசிரியரிடம். "இவமேல எனக்கு ஒரு புகார் இருக்கு."

"சொல்லு," என்றார் அவர்.

"இவ மெடலையெல்லாம் சுவத்துல மாட்டமாட்டா. சவுனா விறகுப்பெட்டியில, விறகுக்கு அடியில ஒளிச்சு வைப்பா. போன வருஷம் கணக்குப் போட்டியில மாநிலத்துலயே ரெண்டாவது. அந்த மெடலை நான் விறகோட சேத்து அள்ளி அடுப்புல போட்டுட்டேன். கை சுட்டு வெளிய எடுத்தேன். இதோ தழும்பு. எவனாவது மெடலை விறகுப்பெட்டியில வைப்பானா?"

"டேய்," என்றாள் சென்யா, உதடு அசையாமல்.

"அப்புறம் ஏரி. நாலு குளிர்காலமா காலைல ஸ்கூலுக்கு முன்னாடி பனிக்கட்டியைக் குடையற துளைப்பானைத் தூக்கிட்டு உறைஞ்சு கிடக்கற ஏரிக்குப் போறா. எங்கெங்க பனிக்கட்டி எவ்வளவு தடிமன்னு அளந்து தூண்டில் கடைப் பலகையில எழுதிப் போடறா. பேரு போடமாட்டா. ஊருல எல்லாரும் கடைக்காரர்தான் அளக்கறார்னு நெனச்சிட்டு அவருக்கு மீன் குடுக்கறாங்க! அடியில தண்ணி ஓட்டம் எங்க திரும்பி பனிக்கட்டியை மெலிசாக்கும்னு இவளே ஒரு கணக்குப் போட்டு வெச்சிருக்கா. அந்தக் கணக்கை நம்பித்தான் எங்கப்பாவே வண்டியை ஏரிமேல ஓட்டறார். துளைப்பானோட மறுமுனையைத் தூக்கறது யாரு? நான். நாலு வருஷமா என் தூக்கம் போச்சு. ஒரு மீனு கிடைச்சுதா எனக்கு?"

பல் மருத்துவரின் மகள் சாப்பிடுவதை நிறுத்தியிருந்தாள்.

"பஸ்ல வரும்போது பாதிப் பேருக்கு இவதான் கணக்கு சொல்லித் தர்றா. எனக்கும் சொல்லித் தந்தா. எனக்கு ஏறல, அது வேற விஷயம். நீங்க 'உனக்கு ஏன் தரணும்'னு கேட்டா இவ அடுத்தவங்களைக் கையைக் காட்டுவா. இவளைக் கேக்காதீங்க. என்னைக் கேளுங்க. இவ செஞ்சது ஒண்ணு விடாம எனக்குத்தான் தெரியும். ஒவ்வொண்ணுக்கும் வயிறெரிஞ்சவன் நான்."

உட்கார்ந்தேன். அப்பா தொப்பியைப் போட்டுக்கொண்டார், கூடத்துக்குள்ளேயே. பேராசிரியர் பென்சிலை எடுத்து, நாற்காலியை சென்யா பக்கம் திருப்பி, "அந்த ஓட்டத்தை எப்படிக் கணிச்சே?" என்று கேட்டார். அந்தக் கேள்விக்குப் பெருமையடிக்க வேண்டியதில்லை. பதில் சொன்னால் போதும். அவள் சொன்னாள். மடித்த காகிதத் துணியைப் பிரித்து அதிலேயே படம் போட்டுக் காட்டினாள். இனிப்பு வந்ததும் தெரியவில்லை, போனதும் தெரியவில்லை. அவளுடையதையும் நான்தான் சாப்பிட்டேன்.

திரும்பும் வழியில் பாலத்துமேல் அவள் கேட்டாள். "எதுக்குடா எழுந்து பேசினே?"

"உன் மானத்தை வாங்கத்தான்."

"வாங்கிட்டே."

ஏப்ரலில் தொலைபேசி வந்தது. முழு உதவித்தொகை, நாலு வருஷத்துக்கும். அப்பா "மோசமில்ல" என்றார். வெளியே போய்ப் பனிவண்டியைக் கிளப்பி, விளக்கெல்லாம் சுழல, ஊரை ஒரு முழுச் சுற்று சுற்றி வந்தார். அன்றைக்குச் சாலையில் பனியே இல்லை. ஊரில் ஒருவரும் ஏன் என்று கேட்கவில்லை. எல்லாருக்கும் தெரிந்துவிட்டது.

ஆகஸ்டில் அவள் பெட்டி கட்டினாள். அவள் குளிக்கப் போன நேரம் பார்த்து, சவுனா அடுப்பின்மேல் சூடேற அடுக்கியிருக்கும் கருங்கற்களில் ஒன்றை எடுத்து, என் கம்பளிக் காலுறையில் திணித்து, பெட்டியின் அடியில் வைத்தேன். விடுதியில் மூன்றாவது மாடி, மின்தூக்கி கிடையாது என்று விசாரித்து வைத்திருந்தேன்.

காலையில் அப்பா பெட்டியைத் தூக்கிப் பார்த்து முனகினார். "என்ன இவ்வளவு கனம்? கல்லா வெச்சிருக்கே?"

சென்யா என்னைப் பார்த்தாள்.

"புத்தகம்ப்பா," என்றாள்.

வண்டி கிளம்பிப் போயிற்று. நான் சவுனாவுக்குப் போய் அடுப்பில் அந்த இடத்தைப் பார்த்தேன். குழியாக இருந்தது. பக்கத்திலிருந்த கல்லை நகர்த்தி வைத்தேன், சரியாக உட்காரவில்லை. ஏழாம் வகுப்புகூடப் படிக்காத கல். அதுகூட பாலம் தாண்டிப் போய்விட்டது, முழுச் செலவும் பல்கலைக்கழகமே ஏற்றுக்கொண்டு. அன்று முழுக்க எனக்கு அந்தக் கல்மேல்தான் வயிறு எரிந்தது.