மாதாவின் கன்னத்தில் இரண்டு கோடுகள்

மொன்றியல் துறைமுகத்தில் வேலை செய்த போலந்துக்காரர் ஒரு காலத்தில் கட்டிய கோவிலில்தான் ஞாயிறு மாலைகளில் எங்களுக்குத் தமிழ்ப் பூசை. பக்கச் சுவரில் கறுத்த முகத்தோடு ஒரு மாதா படம் இருக்கிறது.

“இஞ்ச பாருங்கோ, மாதாவின்ர கன்னத்தில ஆரோ கீறிப்போட்டாங்கள். சரிப்படுத்தி விடுங்கோவன்” என்றாள் மனைவி.

கார்களில் விழுந்த கீறலை மறைப்பதுதான் என் தொழில். ஒருவரையும் கேட்கவில்லை. நிறம் கலந்து, இரண்டு கோடுகளையும் இருந்த இடம் தெரியாமல் பூசிவிட்டேன். நல்ல காரியம் செய்துவிட்ட பெருமை வேறு.

அடுத்த ஞாயிறு, கோவில் கதவுத் திறப்பை வைத்திருக்கும் போலந்துப் பெண் படத்தின் முன் அழுதுகொண்டு நின்றார். நான்தான் திருத்தினேன் என்றேன்.

“அது போலந்திலுள்ள மூலப் படத்தில் எப்போதோ கொள்ளையர் வாளால் வெட்டிய காயம்” என்றார் பிரெஞ்சில். “எங்கள் ஆட்கள் கப்பலேறியபோதும் காயத்தோடு வரைந்த இந்தப் படத்தைத்தான் கொண்டுவந்தார்கள். அது இல்லாவிட்டால் இவர் வேறு யாரோ.”

பிறகு மெல்லிய தூரிகையொன்றை என்னிடம் நீட்டினார். “அழித்தவர் நீங்கள். நீங்களே போடுங்கள்.”

மாதாவின் முகத்தில் நான் காயம் போடுவதா? தூரிகையைத் திருப்பிக் கொடுக்கப் போனேன். அவர் என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார். இரண்டு கோடுகளையும் போட்டேன். அவர் சிலுவை போட்டுக்கொண்டு சிரித்தார். எனக்கோ அழுகை வந்தது.

அந்தக் கிழமையே பாவசங்கீர்த்தனத்துக்குப் போய் முழந்தாளிட்டேன். காயத்தை அழித்ததைச் சொல்வதா, போட்டதைச் சொல்வதா? சுவாமியார் காத்திருந்தார். வேறு ஏதோ சின்னப் பாவத்தைச் சொல்லிவிட்டு எழும்பி வந்துவிட்டேன்.