ஆர்கன்காரி கிளெனிஸ்

இங்கிலாந்தின் பர்ன்லி நகரில் கிளெனிஸ் டாட்டர்சாலைத் தெரியாத நடன அரங்கு கிடையாது. வாரநாட்களில் நெசவாலை அலுவலகத்தில் தொலைபேசி இணைப்புக் கொடுப்பாள். ஞாயிறு காலை தேவாலயத்தில் ஆர்கன் வாசிப்பாள். சனிக்கிழமையானால் ‘அயர்ன் லார்க்ஸ்’ ராக் குழுவில் அதே விரல்கள் வேறு ஆட்டம் போடும். பீரோ கனம் கனக்கும் மின் ஆர்கனை வேனிலிருந்து இறக்க நாலு பேர் வேண்டும். அதில் அவளும் ஒருத்தி.

அவள் குழுவில் சேரப் போன அன்று பாடகன் டெரிக் நட்டால், டீ போட வந்த பெண் என்று நினைத்துவிட்டான். அவள் ஆர்கன் முன் உட்கார்ந்து பத்து நிமிடம் வாசித்தாள். டீயை அவன்தான் போட்டான்.

1969இல் அவள் பஸ் மாடியில் உட்கார்ந்து எழுதிய ஒரு பாட்டை லண்டன் கம்பெனி ஒன்று பதிவு செய்தது. மாதிரி இசைத்தட்டு வந்தபோது, இயற்றியவர் டி. நட்டால் என்று அச்சாகியிருந்தது. கம்பெனிக்காரர்களே போட்டுவிட்டார்கள் என்றான் டெரிக்.

அடுத்த வாரம் கம்பெனி மேலாளர் ஹாலம் ஒத்திகை பார்க்க வந்தார். பாட்டில் சுருதி மாறும் இடம் வந்ததும் கிளெனிஸ் கைகளை மடியில் வைத்துக்கொண்டாள். டெரிக் பாதியில் நின்றான்.

“என்ன கிளெனிஸ், மறந்துட்டியா?”

“எனக்கு எப்படிப்பா தெரியும்? எழுதுனது நீதானே. அடுத்து எந்தச் சுருதின்னு சொல்லு, வாசிக்கிறேன்.”

டிரம்ஸ் வாசிக்கும் ஆல்ஃபி சிரிப்பை அடக்கமாட்டாமல் குச்சியைத் தவறவிட்டான். டெரிக்குக்கு முகம் காது வரை சிவந்தது. ஹாலம் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தபடி, பெயரை மாற்றி எல்லாத் தட்டுக்கும் திரும்ப அச்சடிப்பது பெரிய தொல்லை என்றார்.

“தொல்லைதான் சார். ஆனா அடுத்த பாட்டும் என்கிட்டதானே இருக்கு” என்றாள் கிளெனிஸ்.

தட்டு அவள் பெயரோடு வெளிவந்து, அந்தக் கோடை முழுக்க ரேடியோவில் ஒலித்தது. அந்த ஒத்திகைக்குப் பின் இரண்டு வாரம் டெரிக் அவள் முகத்தைப் பார்க்கவில்லை. பிறகு ஹல் நகரில் வாசிக்கப் போகும் வழியில் வேன் நின்றுபோய், எல்லோரும் சாலையோரம் சிப்ஸ் தின்றுகொண்டிருந்தபோது அவனாகவே வாயைத் திறந்தான்.

“கம்பெனி போடல. நான்தான் என் பேரைப் போடச் சொன்னேன். என்ன முட்டிக்கிட்டாலும் எனக்கு ஒரு வரிகூட வரல, கிளெனிஸ்.”

அவள் தன் சிப்ஸ் பொட்டலத்தை அவன் பக்கம் நகர்த்தினாள். “கேட்டிருந்தா சொல்லிக் குடுத்திருப்பேனே, மடையா. நகந்து உக்காரு.”

வேன் கிளம்புவதற்குள் ஒரு பல்லவி தேறிவிட்டது. அதற்குப் பின் ஏழு ஆண்டுகளில் இருவரும் சேர்ந்து பதினோரு பாட்டு எழுதினார்கள். எல்லாவற்றிலும் அவள் பெயர்தான் முதலில்.