பாட்டிலில் வந்த கரி

எனக்குக் கோர்வையாக எழுத வராது. படிப்பு அஞ்சாம் வகுப்போடு சரி. எழுதிக்கொண்டு வரும்போதே முன்னால் எழுதியது மறந்துபோகும். பொறுத்துக்கொள்ளுங்கள். இப்போது சொல்ல வந்தது என் மாப்பிள்ளை செய்த ஏரோப்ளேனைப் பற்றி.

நான் மகள் வீட்டில் இருக்கிறேன், கும்மிடிப்பூண்டியில், கம்பெனிகள் பக்கம். மாப்பிள்ளை இரும்புக் கம்பி செய்கிற கம்பெனியில் சூப்பர்வைசர். மகளும் ஒரு கம்பெனிக்கு பஸ் ஏறிப் போகிறாள். எங்கள் சனத்தில் மாமியார் மாப்பிள்ளையோடு நேருக்கு நேர் பேசுவதில்லை. அதிலும் நான் கூச்சக்காரி. மகள் இருந்தால் அவள் வழியாகப் பேச்சு போகும். அவள் இல்லாதபோது அவர் சுவரைப் பார்த்து, “டீ இருந்தா நல்லாருக்கும்” என்பார். நான் டீயை வைத்துவிட்டுத் துடைப்பத்திடம், “ஆறிடப்போவுது” என்பேன். இப்படியே பல வருஷம் ஓடியது. யாருக்கும் ஒரு குறையும் இல்லை.

பின்னறையில் ஜன்னலோரம் என் கட்டில் கிடந்தது. ஒரு நாள் அதைக் கூடத்துக்குத் தள்ளிவிட்டு, அந்த இடத்தில் மாப்பிள்ளை ஒரு மேசை போட்டார். புடவைப் பெட்டி மாதிரி ஒரு டப்பா வந்தது. அந்தக் காலத்தில் சண்டைக்குப் போன விமானமாம், துண்டு துண்டாக உள்ளே இருக்கிறதாம். இவர் ஒட்டி, பெயின்ட் அடித்து, சென்னையில் நடக்கும் கண்காட்சியில் வைக்கப்போகிறாராம்.

மாப்பிள்ளை உட்கார்ந்து டிவி பார்க்கிற கூடத்தில் நான் எப்படிக் காலை நீட்டிப் படுப்பேன்? அவர் எழுந்து போகும்வரை சுவரோரம் உட்கார்ந்தே கிடப்பேன். இடுப்பு இற்றுப்போகும்.

“ஏரோப்ளேன் முடிஞ்சதும் ரூம குட்த்துருவாரும்மா” என்றாள் மகள்.

டப்பாவைப் பார்த்தேன். மேலே ஒன்று என்று போட்டு, சாய்வாக ஒரு கோடு கிழித்து, பக்கத்தில் எழுபத்திரண்டு என்று இருந்தது. மகளைக் கூப்பிட்டேன்.

“இன்னாடி இது? எழுபத்திரண்டுல இதான் மொதலா? இன்னும் எழுபத்தொண்ணு பாக்கி கீதா?”

“ஐய, யம்மா! அது சைசு. நெஜ ஏரோப்ளேன எழுபத்திரண்டுல ஒரு பங்கா சின்னதாக்கிக்கிறாங்க.”

“முழுசா வாங்கியிருந்தா தெருவுல நிறுத்தியிருப்பாரு. ரூமாவது தப்பிச்சிருக்கும்.”

அவரைப் பார்க்கச் சகிக்காது. நல்ல உயரமான ஆள், முதுகு வளைந்து, மூச்சை அடக்கிக்கொண்டு, மயிர் மாதிரி ஒரு பிரஷ்ஷை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். விமானத்துக்குள்ளே விரல் நகத்தளவு ஒரு பொம்மை. அதற்குக் கண் வைக்க ஞாயிற்றுக்கிழமை முழுக்கப் போனது. கட்டின பெண்டாட்டி கால் ஆணியோடு நொண்டி நொண்டி பஸ்ஸுக்குப் போகிறாள், அதை இப்படி ஒரு நாள் குனிந்து பார்த்திருப்பாரா?

மேலே பச்சையும் மண் கலருமாகத் திட்டுத் திட்டாக அடித்தார், கீழே வானத்துக் கலர். ஒரு சின்ன மோட்டார் வைத்துப் பெயின்ட்டை ஊதுவார். குளவி மாதிரி சத்தம், தலைவலிக்கிற வாடை. கடைசியில் பளபளவென்று வந்துவிட்டது. என் கட்டில் திரும்பிவிட்டது என்றே நினைத்தேன்.

இல்லை. இப்போது அதை அழுக்காக்க வேண்டுமாம். சண்டைக்குப் போன விமானம் புகை படிந்துதான் இருக்குமாம். அதற்கென்று கரித்தூள் தனியாக ஒரு பாட்டிலில் கூரியரில் வந்தது. கும்மிடிப்பூண்டிக்குக் கூரியரில் கரி! எங்கள் தெருவில் காலையில் காயப்போட்ட வெள்ளை வேட்டி சாயங்காலம் கம்பெனிப் புகையில் சாம்பல் கலராகிவிடும். இந்த வீட்டுக்கு வந்த நாளாக நான் துடைப்பதே அந்தக் கரியைத்தான்.

பூசினார், பிடிக்கவில்லை, துடைத்தார். மறுபடியும் பூசினார். பாட்டில் காலி. மகள் வேலைக்குப் போயிருந்தாள். சுவரைப் பார்த்து, “கண்காட்சிக்குள்ள இன்னொரு பாட்டில் வராது. இந்த வருஷம் போச்சு. அடுத்த வருஷந்தான்” என்றார்.

அடுத்த வருஷம் வரைக்குமா நான் சுவரோரம் உட்கார்ந்திருப்பது? ஆத்திரத்தில் துடைப்பத்திடம் சொன்னேன்: “கரிக்கா பஞ்சம்? இந்த ஜன்னல் கம்பிய ஒரு வழி வழிச்சா, ஊருல பறக்குற ஏரோப்ளேனுக்கெல்லாம் பூசலாம்.”

வெட்கப்படுவார் என்று பார்த்தேன். அந்த மனுஷன் எழுந்து போய் நிஜமாகவே பிரஷ்ஷால் ஜன்னல் கம்பியை வழித்தார்.

கண்காட்சி முடிந்ததும் இரண்டு கூட்டாளிகள் வந்து என் கட்டில்மேல் உட்கார்ந்துகொண்டு புகழ்ந்தார்கள்.

“அண்ணே, பொகை சும்மா நேச்சுரலா கீதுண்ணே! இன்னா பிராண்டு?”

“அது சீக்ரெட்டுப்பா.”

அந்த வாரமே அடுத்த டப்பா வந்தது. மாப்பிள்ளை என் முகத்தைப் பார்த்து, முதல் தடவையாக நேரே என்னிடம் பேசினார்: “அத்தே, அந்த ஜன்னல மட்டும் தொடைக்காதீங்க. எனக்கு வேணும்.”

இத்தனை வருஷம் கழித்து என்னிடம் பேச அவருக்குக் கிடைத்த விஷயம் அதுதான்.

அவர் வேலைக்குக் கிளம்பியதும் துடைத்தேன். ஈரத்துணியால் ஒரு தரம், காய்ந்த துணியால் ஒரு தரம். தினமும் துடைத்தேன். சாயங்காலம் வந்து கம்பியில் பிரஷ்ஷைத் தேய்ப்பார், பிரஷ்ஷைப் பார்ப்பார், மறுபடியும் தேய்ப்பார்.

ஒரு நாள் சுவரிடம், “காத்து தெச மாறிடுச்சு போல” என்றார்.

ஏரோப்ளேன் செய்கிறவருக்குக் காற்று எந்தப் பக்கம் அடிக்கிறது என்று தெரியவில்லை. மொட்டை மாடிக்குப் போய்க் கைப்பிடிச் சுவரைத் தேய்த்துப் பார்த்தார். கை கருப்பாக வந்தது. பெரிய சந்தோஷம். அங்கேயே தகரம் போட்டு, மேசையைத் தூக்கிக்கொண்டு போய்விட்டார்.

“யம்மா, நீ தொடச்சியா?” என்றாள் மகள்.

“தொடைக்கிறதுதானே என் வேல?”

இப்போது ஜன்னலோரம் காலை நீட்டிப் படுக்கிறேன். தலைக்கு மேலே குளவி கத்துகிறது. தகரச் சூட்டில் வெந்துகொண்டு யாரோ ஒரு பொம்மைக்குக் கண் வைக்கிறார். வைக்கட்டும்.

அந்த விமானம் எந்த நாட்டுடையது, அதன் மூக்கில் சுற்றுகிற காத்தாடிக்கு இறக்கை மூன்றா நான்கா, எனக்குச் சரியாக ஞாபகம் இல்லை. கலரையும் மாற்றிச் சொல்லியிருப்பேன். விவரம் தெரிந்தவர்கள் யாராவது ஒரு தரம் பார்த்துத் திருத்திவிடுங்கள். மாப்பிள்ளையிடம் மட்டும் இதைக் காட்டிக் கேட்க வேண்டாம். ஜன்னலைப் பற்றியும் படித்துவிடுவார்.