பாதிரியாராகிப்போன நீதிபதி

பேருந்தின் மேல்தட்டில் ஏறினாலும் கிளெமென்ட் ஆர்மராட் சன்னல் வழியே ஊரைப் பார்ப்பதில்லை. முன்னிருக்கைக்காரரின் பிடரியைப் பார்ப்பார். அந்த ஆள் இறங்கினால் பின்னாலேயே இறங்கி, அவர் நடையைத் தன் காலில் போட்டுப் பார்த்தபடியே நாடக அரங்கு வரை போவார். ஒருமுறை ஒரு கிழவி சட்டென்று திரும்பிக் குடையை ஓங்கினாள்.

"என்னய்யா, என்னைப் பழிக்கிறியா?"

"இல்லம்மா. உங்க நடையை ரெண்டு மாசத்துக்கு இரவல் வாங்கிக்கிறேன்."

வயது எழுபத்திரண்டு. நாற்பத்தெட்டு வருஷமாக மேடை. கசாப்புக்காரர், பிரபு, பாதிரியார், பைத்தியம் என்று எதையும் விட்டுவைக்கவில்லை. தொலைக்காட்சியில் பதினோரு கொலைக் கதைகள். நாலில் கொலையாளி, ஏழில் பிணம். ஆனாலும் லீட்ஸ் நகரத் தெருவில் அவரை நடிகரென்று யாருக்கும் தெரியாது. "எங்க வீட்டுக் குழாய் ரிப்பேருக்கு வந்தது நீங்கதானே?" என்பார்கள். அவர் மறுக்கமாட்டார். "இப்போ ஒழுகலியே?" என்று அக்கறையாக விசாரிப்பார்.

ஒப்பனை அறையில் எவராவது சீட்டியடித்தால் போச்சு, நாடகக்காரர்களுக்கு அது அபசகுனம். வெளியே தள்ளி, மூன்று சுற்றுச் சுற்றிவிட்டுக் கதவைத் தட்டச் சொல்வார். இயக்குநரே ஒருநாள் அப்படிச் சுற்றியிருக்கிறார்.

இப்போது போடும் வேடம் நீதிபதி. ஆயுளில் முதல் தடவையாக நாடகமே அவர் தோளில் நிற்கிறது. இன்னும் பத்து நாளில் அது லண்டனுக்குப் போகிறது. ஒத்திகையில் இரண்டு முறை வசனம் நழுவியதை மேடை நிர்வாகி க்ளெனிஸ் மட்டும் கவனித்தார். யாரிடமும் சொல்லாமல் விழுங்கிக்கொண்டார்.

போன புதன்கிழமை மதியக் காட்சி. கூண்டில் கைதியாக இளம் நடிகன் டோபி. நீதிபதி தூக்குத் தண்டனையை வாசிக்க வேண்டும். ஆர்மராட் வாய் திறந்தார். வந்தது வேறொரு நாடகத்தில், முப்பது வருஷத்துக்கு முன்னால், பாதிரியாராக அவர் பேசிய வசனம். "உன் பாரத்தை என் தோளுக்கு மாத்திட்டேன், மகனே. நீ நிம்மதியா வீட்டுக்குப் போ." இப்படியே நான்கு வரி, ஒரு பிசிறு இல்லை. குரல்கூடப் பாதிரியாரின் குரல். டோபி பேய்முழி முழித்தான். சபையில் மூக்கு உறிஞ்சும் சத்தம் கேட்டது. கடைசியில் டோபியே சுதாரித்து, "சட்டம் என்ன சொல்லுது, பிரபு?" என்று எடுத்துக் கொடுத்தான். தீர்ப்பு வந்தது. கைதட்டல் என்றைக்கும் இல்லாத அளவுக்கு நீண்டது.

ஒவ்வொரு காட்சி முடிந்ததும் நடந்ததை எழுதித் தயாரிப்பாளருக்கு அனுப்புவது க்ளெனிஸின் வேலை. அன்று எழுதிய தாளுடன் ஆர்மராட்டின் அறைக்கே வந்தார்.

"என்ன எழுதியிருக்கே?"

"'காட்சி நல்லபடியாக நடந்தது. சபை எழுந்து நின்று கைதட்டியது.' இதுல பொய் ஏதாவது இருக்கா?"

"டோபி?"

"மூச்சு விடமாட்டான். உங்க மேல அவனுக்கு உசிரு."

ஆர்மராட் முகப்பூச்சைத் துடைத்தார். "மறந்திருந்தா பரவாயில்ல, க்ளெனிஸ். முழிச்சிருப்பேன், நீ மறைவிலேர்ந்து சொல்லியிருப்பே. நான் மறக்கல. அந்த நிமிஷம் நான் பாதிரியாரேதான். டோபி மூஞ்சியைப் பாத்துத்தான் தப்புன்னே தெரிஞ்சுது."

க்ளெனிஸ் தாளை மடித்தார். "இதை எழுதினா உங்களுக்குப் பதிலா வேற ஆளைப் போட்டுருவாங்க. நாப்பத்தெட்டு வருஷம் காத்துக்கிட்டிருந்தீங்களே! லண்டன்ல ஒரே ஒரு வாரம் நின்னுட்டு வந்துடுங்க. நான் பாத்துக்கறேன்."

"உன்னால பாத்துக்க முடியாது. கூண்டுல நிக்கறவன்தான் பாத்துக்கணும். அவனுக்கு இருபத்தி மூணு வயசு."

இப்படிப்பட்ட மனிதருக்குப் போய் இப்படியா என்று க்ளெனிஸுக்கு ஆத்திரம்தான் வந்தது.

ஆர்மராட் மூக்குக் கண்ணாடியை மாட்டினார். அவர் கையிலிருந்த தாளை வாங்கி மேசைமேல் வைத்து நீவி, 'நல்லபடியாக' என்ற சொல்லைக் கோடு போட்டு அடித்தார். பேனாவை மூடாமல் க்ளெனிஸிடம் நீட்டினார்.